பச்சை பெயின்ட் அடித்த ஜெனரேட்டர்

சுற்றுச்சூழலைக் காப்பாற்றுவதற்காக அந்தச் செல்போன் கம்பெனி முதலில் செய்த காரியம், ஜெனரேட்டருக்குப் பச்சை பெயின்ட் அடித்ததுதான். நான் ஒன்றும் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. ஏணியும் டப்பாவுமாக இரண்டு பேர் வந்தார்கள். அதுவரை மஞ்சளாக இருந்த அந்த இரும்புப் பூதத்தைச் சாயங்காலத்துக்குள் கிளிப்பச்சையாக்கி, அதன் வயிற்றில் ஓர் இலையையும் வரைந்துவிட்டுப் போனார்கள். மறுநாள் கரண்ட் போனதும் அது பழையபடி தடதடவென்று கிளம்பி, பழைய கறுப்புப் புகையையே கக்கியது. பெயின்ட் வாசனை மட்டும்தான் கூடுதல்.

அது இருப்பது எனக்கு அடுத்த வீட்டின் சந்தில். அந்த வீட்டுக்காரர் தையல்காரர். பின்னால் சும்மா கிடந்த இடத்தைக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார். டவர் எழும்பியது. டவரின் காலடியில், கருவிகளுக்கென்று ஜன்னலில்லாத ஓர் அறை எழும்பியது. ஜெனரேட்டருக்கு மட்டும் வேறு இடமே கிடைக்காத மாதிரி, அவர் தையல் மெஷின் போட்டிருக்கும் முன்னறை ஜன்னலுக்கு நேர் கீழே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். "கரண்ட் போனா மட்டும்தான் சார் ஓடும்" என்றார்கள். எங்கள் தெருவில் கரண்ட் இருக்கும் நேரத்தைத்தான் எண்ண வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

ஜன்னலைத் திறந்தால் புகை. மூடினால் புழுக்கம், இருட்டு. தையல்காரருக்கு ஏற்கெனவே பஞ்சும் தூசியும் தின்று பழகிய நெஞ்சு. புகையும் சேர்ந்ததும் இழுப்பு வந்து நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. கத்தரிக்கோல், சாக்கட்டி, அளவு நாடா, இவற்றோடு மருந்து உறிஞ்சும் குப்பியும் மெஷின் மேல் இடம்பிடித்தது. "அந்தப் புகை போகணும், இல்ல நீங்க அந்த வீட்ட விட்டுப் போகணும். இன்னொரு மழைக்காலம் இப்படியே போச்சுன்னா என்னைக் கேக்காதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டை விட்டு எங்கே போவது? மெஷினும் வாடிக்கையும் அங்கேதான். ஆகவே, எப்படியாவது ஜெனரேட்டரை அனுப்பிவிடுவது என்று அவர் மனைவி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

அவளைத் தெருவே கேக்கக்கா என்றுதான் கூப்பிடும். கணவர் பாதி நாள் படுக்கையும் பாதி நாள் மெஷினுமாக ஆனபிறகு, பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் கேக் செய்து கொடுத்துக் குடும்பத்தை நிறுத்தியவள் அவள். மாவு கலக்குவதிலிருந்து, கிரீமைப் பையில் அடைத்து ரோஜா பிழிவது வரைக்கும் தானாகவே கற்றுக்கொண்டாள். கஷ்டம் எல்லாம் வெயிலோடுதான். வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரு தண்ணீர்க் குடம் உயரம். அதில் பால் வைத்தால் கேக்குக்கு இடமில்லை, கேக் வைத்தால் கதவு மூடாது. ஒரு நாள் பிழிந்த ரோஜாவெல்லாம் வழுக்கிக்கொண்டு தட்டில் வந்து நிற்க, அவள் உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

அப்போது யோசனை சொன்னது அவளுடைய சொந்தத் தம்பி. அவனுக்குத் தெருவில் பெயர் டீசல். கம்பெனி டவர்களுக்கெல்லாம் டீசல் ஊற்றுவதும் அறைகளைப் பார்த்துக்கொள்வதும் அவன் வேலை. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து எப்போதும் குலுங்கும்.

"எதுக்குக்கா அழற? டவர் ரூம்ல ஏசி பதினெட்டுல ஓடிட்டிருக்கு. அரை மணி நேரம் வெச்சு எடுத்துக்கயேன்."

அரை மணி நேரம் அரை நாளானது. அரை நாள் வழக்கமானது. ஊரார் நூறு பேரின் பேச்சைக் கொண்டுபோகும் கருவிகளுக்கு நடுவே, பாட்டரி அலமாரியின் மேல், கேக் உட்கார்ந்து குளிர் வாங்கியது. "அது பாட்டுக்கு ஓடற ஏசிதானே வாத்தியாரண்ணே, எனக்குன்னா ஓடுது?" என்பது அவள் நியாயம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவன். எனக்கும் அந்தக் கணக்கில் தப்புத் தெரியவில்லை. கேக்கும் நன்றாக இருந்தது.

பெயின்ட் அடித்த கொஞ்ச நாளில், உருப்படியாகவே ஒரு வேலை நடந்தது. அறைக்கு மேல் சோலார் தகடுகள் வந்தன. உள்ளே புது மாதிரி பாட்டரிகள் வந்தன. இனி கரண்ட் போனால் பாட்டரியே தாங்கும், ஜெனரேட்டர் கிளம்ப வேண்டிய அவசியமே இருக்காது, கொஞ்ச நாளில் அதைத் தூக்கிவிடுவோம் என்றார்கள். கேக்கக்கா வந்தவர்களுக்கெல்லாம் கேக் கொடுத்தாள். ஆனால் ஜெனரேட்டர் முன்னைவிட மும்முரமாகக் கிளம்பியது.

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். புது பாட்டரி வெக்கை தாங்கும், அறைக்கு ஏசி வேண்டாம், சின்ன ஃபேன் போதும் என்று கம்பெனி பயிற்சி வைத்துச் சொல்லியிருந்தது. டீசல் மற்ற டவர்களில் ஏசியை நிறுத்திவிட்டான். இங்கே மட்டும், அக்காவுக்கு ஆர்டர் உள்ள நாளெல்லாம் ஏசியைப் போட்டுவிடுவான். வெயில் கொடுத்ததையெல்லாம் ஏசி தின்றுவிடும். கரண்ட் போகும்போது பாட்டரி வற்றிக் கிடக்கும். ஜெனரேட்டர் கிளம்பும். இதை அவன் கம்பெனியிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை.

ஒன்றும் அறியாத அக்கா தினமும் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். அந்த வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. விளக்குக்கு அடியில் இருட்டு என்பது போல, டவருக்கு அடியில்தான் போன் எடுக்காது. ஆகவே என் வாசலில் வந்து நின்றுதான் கத்துவாள்.

"ஹலோ, டவர் வீட்ல இருந்து பேசறேன்."

"வணக்கம் மேடம். நெட்வொர்க் பிரச்சினையா, பில் பிரச்சினையா?"

"மூச்சுப் பிரச்சினை."

"சாரி மேடம், புரியல."

"உங்க ஜெனரேட்டர் விடற புகையில என் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டுது. அதை எப்ப எடுப்பீங்க?"

"உங்க சிரமத்துக்கு வருந்தறோம் மேடம். சுற்றுச்சூழல் மேல எங்களுக்கும் ரொம்ப அக்கறை. அதனாலதான் பேப்பர் பில்ல நிறுத்திட்டோம். நீங்க மாறிட்டீங்களா?"

"யம்மா, நீ நல்லா இருப்ப, பில்ல நீ பேப்பர்ல அனுப்பு, துணியில அனுப்பு, எதுல வேணா அனுப்பு! அந்தப் புகைய நிறுத்து!"

"உங்க கருத்தப் பதிவு பண்ணிட்டேன் மேடம். இந்த உரையாடலுக்கு எத்தனை ஸ்டார் குடுப்பீங்க?"

அவள் கொடுத்த ஸ்டாரை இங்கே எழுத முடியாது. அந்தப் பதிவின் பலனாக ஒரு வேன் நிறைய ஆள் வந்து மரக்கன்று நட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். நட்டது சோலார் தகடுகளுக்கு நேர் முன்னால். வளர்ந்தால் வெயிலை மறைக்கும். நல்லவேளை, ஒரு ஆடு எங்கள் எல்லோரையும்விட விவரமாக நடந்துகொண்டது.

கடைசியில் ஒரு நாள் கம்பெனியின் இன்ஜினியரம்மா வந்தாள். சின்ன வயசுதான். ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றும்போதே முகத்தில் ஒரு சலிப்பு. "நீங்களும் வாங்கண்ணே, வாத்தியார் நின்னா மரியாதையா பேசுவாங்க" என்று கேக்கக்கா என்னையும் இழுத்துக்கொண்டாள். டீசலும் அங்கேதான் நின்றான். அவன் நின்ற நிற்பே சரியாக இல்லை.

"என் பொறுப்புல இருக்கற டவர் எல்லாம் டீசல மறந்துடுச்சு. இது மட்டும் முன்னைவிட அதிகமா குடிக்குது. ஏன்?" என்று கேட்டாள் இன்ஜினியரம்மா.

"அதத்தாம்மா நானும் தொண்டை கிழியக் கேக்கறேன், ஏன்?" என்றாள் கேக்கக்கா.

"தகடு கழுவறீங்களா?"

"பளபளன்னு இருக்கு மேடம்" என்றான் டீசல்.

"அப்பறம் என்னதான் பிரச்சினை? மேல என்ன சொல்றாங்க தெரியுமா? இந்த இடத்துக்குச் சோலார் ஒத்துவரல, பேசாம இதைவிடப் பெரிய ஜெனரேட்டரா வெச்சுடுவோம்னு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் காரணம் சொல்லலன்னா முடிவு பண்ணிடுவாங்க."

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"பெரிசா?" கேக்கக்கா ஜெனரேட்டரைத் திரும்பிப் பார்த்தாள். "இருக்கறதே ஆள முழுங்குது. இதைவிடப் பெரிசா?"

"அதுக்குத்தான் நான் வந்திருக்கேன். ரூமத் திறங்க."

டீசல் வானத்தைப் பார்த்தான். "சாவி வேற டவர்ல இருக்கு மேடம்."

"இடுப்புல தொங்கறது?"

"இது வீட்டுச் சாவி."

"இத்தனை வீடா உங்களுக்கு?"

கேக்கக்கா குறுக்கே விழுந்தாள். அன்றைக்குப் பெரிய கல்யாண ஆர்டர், மூன்றடுக்கு. கம்பெனி அறைக்குள் கேக் இருப்பதைப் பார்த்தால் தம்பி வேலைக்கு ஆபத்து என்ற மட்டுக்கும்தான் அவள் பயம். "வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல ஒரு டீ குடிங்கம்மா. உள்ள ஒரே தூசி. உங்க டிரஸ் வீணாயிடும்."

"அக்கா, தூசிக்குள்ளதான் என் பொழப்பே. நீங்க திறக்கறீங்களா, பூட்ட உடைக்கட்டுமா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், மூன்றடுக்குக் கேக்கை எதில் மறைப்பது? டீசல் கதவைத் திறந்தான். ஜில்லென்று வெனிலா வாசனை முகத்தில் அடித்தது. பாட்டரி அலமாரியின் மேல், வெள்ளை வெளேரென்று, உச்சியிலிருந்து அடி வரைக்கும் இளஞ்சிவப்பு ரோஜா இறங்கிவர, கேக் நின்றது. பக்கத்துக் கருவிப் பெட்டியின் தலையில் வெண்ணெய் டப்பா.

இன்ஜினியரம்மா அதை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள்.

"இது என்ன?"

"கேக் மேடம்."

"கண்ணு தெரியுது எனக்கு. இங்க எதுக்கு?" ஏசியின் ரிமோட்டை எடுத்துப் பார்த்தாள். "பதினெட்டு! ட்ரெய்னிங்ல நான் நாய் மாதிரி கத்தினேனே, இந்தப் பாட்டரிக்கு ஏசி வேணாம், வேணாம்னு. மொத பெஞ்சுல உக்காந்து தலைய ஆட்டினீங்களே! வெயில் குடுக்கறதெல்லாம் இந்த ஏசிக்கே போயிடுது. கரண்ட் போனா பாட்டரியில ஒண்ணுமில்ல. ஜெனரேட்டர் கிளம்பாம என்ன செய்யும்? நான் என்னன்னா ஒரு மாசமா ஆபீஸ்ல உக்காந்து ரிப்போர்ட் ரிப்போர்ட்டா பாத்துட்டிருக்கேன்!"

டீசல் திருடனுக்குத் தேள் கொட்டியது போல் நின்றான். கேக்கக்கா இன்ஜினியரம்மாவைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள்.

"என்னடா சொல்றாங்க இவங்க?"

"அக்கா..."

"அந்தப் புகை என் கேக்கு குளுந்து நிக்கறதுக்காகவா வந்துச்சு? சொல்லுடா."

"கிரீம் உருகுதுன்னு அழுதியேக்கா. மனசு கேக்கல."

"நான் அழுதா அழுதுட்டுப் போறேன்! ஏசிய நிறுத்துனா ஜெனரேட்டர் நின்னுடும்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்கு என்னடா கேடு? தெனம் தெருவுல நின்னு எவள எவளையோ திட்டினேனேடா. பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தானே இருந்த?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆனா ஜெனரேட்டரே போயிட்டா அப்பறம் எனக்கு என்ன வேலைக்கா? டீசல் ஊத்தறவனுக்கு டீசல் இல்லன்னா? அதையும் நெனச்சேன். பொய் சொல்ல மாட்டேன்."

அவனை அடிக்கத்தான் கையை ஓங்கினாள் என்று நினைக்கிறேன். அதற்குள் தையல்காரர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் வந்துவிட்டார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"கேட்டீங்களா? உங்க மச்சான் பண்ணின வேலைய கேட்டீங்களா?"

"ம்."

"என்ன ம்?"

"தெரியும்."

"எது தெரியும்?"

"ஜெனரேட்டர் என் ஜன்னலுக்குக் கீழதானே இருக்கு. உனக்கு ஆர்டர் இல்லாத நாள்ல அது கிளம்பறதே இல்ல. ஆர்டர் உள்ள நாள்ல நிக்கறதே இல்ல. இதுக்கு இன்ஜினியரா வரணும்?"

"தெரிஞ்சும் வாயத் தொறக்கல?"

"எந்த வாயாலடி தொறக்கறது?" நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் சட்ட தச்சு இந்த வீட்ல அடுப்பு எரிஞ்சு எவ்வளவு காலமாச்சு? எரிய வெக்கறவ நீ. அதையும் வேண்டாம்னு சொல்லச் சொல்றியா? அதோட, அந்தப் பூவ வெக்கறப்ப உன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கும். கல்யாணமான புதுசுல பாத்தது. அதக் கெடுக்க மனசு வரல."

"ஆமா, பெரிய தியாகி!" கேக்கக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "நீங்க போய்ச் சேர்ந்தப்பறம் அந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் யாருக்குக் காட்டறது? இவன் ஒருத்தன் பாசத்துல கொல்றான். நீங்க ஒருத்தர் பாசத்துல சாகறீங்க. நடுவுல நான் ஒரு கூமுட்ட, ஊர்ல இருக்கறவளுக்கெல்லாம் போன் போட்டுட்டு நிக்கறேன்!"

கேக்கக்கா, இன்ஜினியரம்மா கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கித் தானே ஏசியை அணைத்தாள்.

"அக்கா, கேக்க எடுத்துட்டு அணைச்சிருக்கலாம்" என்றாள் இன்ஜினியரம்மா. கோபமெல்லாம் எங்கே போனதோ, குரல் இறங்கியிருந்தது.

"கெடக்குது கழுத."

இருந்தாலும் கல்யாண வீட்டை நட்டாற்றில் விட முடியுமா? நானும் டீசலும் அடியில் கை கொடுத்துத் தூக்கினோம். இன்ஜினியரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு "இடது, இடது, ஒயர் இருக்கு, ஒயர்" என்று வழி சொன்னாள். முன்னறையில் ஃபேனுக்கு அடியில் வைத்து, சுற்றிலும் ஈரத் துண்டு கட்டினோம். அப்படியும் நடு அடுக்கு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. கேக்கக்கா கல்யாண வீட்டுக்குப் போன் போட்டு வண்டி வரவழைத்து அனுப்பிவிட்டாள். மிச்சப் பூவை மண்டபத்துக்கே வந்து வைக்கிறேன் என்று சொல்லி அப்படியே செய்துவிட்டும் வந்தாள். இனி எல்லாக் கேக்கையும் வாங்குகிறவர் வீட்டில் வைத்துத்தான் முடிக்க வேண்டும் என்று முனகிக்கொண்டே வந்தாள்.

இன்ஜினியரம்மா என் வாசலில் நின்று மேலிடத்துக்குப் பேசினாள். "காரணம் தெரிஞ்சுடுச்சு சார். இல்ல சார், சோலார்ல குறையே இல்ல. ரூமுக்குள்ள தேவையில்லாத லோடு ஒண்ணு இருந்துச்சு. எடுத்துட்டோம். என்ன லோடா? கொஞ்சம்... பெரிய லோடு சார். மூணு அடுக்கு." போனை வைத்துவிட்டு டீசலைக் கூப்பிட்டாள். "இன்னைக்குக் கரண்ட் போறப்ப இது கிளம்பாம இருந்தா, தூக்கிடலாம்னு எழுதிடறேன். தகடு கழுவ, பாட்டரி பாக்க ஆள் வேணும்தான். வேலை நிச்சயம்னு வாக்குக் குடுக்க மாட்டேன். கேட்டுப் பாக்கறேன். அதுக்குள்ள எங்கயாவது ஐஸ்கிரீம் கொண்டுவந்து வெச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பிப் போனாள்.

அன்று சாயங்காலம் தெருவில் ஓர் அதிசயம் நடந்தது. கரண்ட் போகட்டும் என்று மூன்று பேர் காத்திருந்தோம். வேண்டாத நாளில் மணிக்கொரு தரம் போகிற கரண்ட், அன்றைக்கென்று பார்த்து அசையவில்லை. "இந்தக் கரண்ட்டுக்காரனுங்களும் பழிவாங்கறானுங்க" என்றாள் கேக்கக்கா. வெளிச்சம் மங்கி, கொசு வரத் தொடங்கிய பிறகு ஒருவழியாகப் போனது.

நான் மதில் பக்கம் போய் நின்றேன். சந்தில் டீசல் ஜெனரேட்டர் மேல் கையை வைத்துக்கொண்டு, மாட்டுக்கு நாடி பார்க்கிறவன் போல நின்றான். என் போனைப் பார்த்தேன். டவர் பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, சிக்னல் முழுசாக இருந்தது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை.

"நின்னுடுச்சுக்கா" என்றான் டீசல். அந்தக் குரலில் சந்தோஷம் எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

"ஏங்க, கிளம்பலங்க! கிளம்பவே இல்ல!" கேக்கக்கா சிரித்துக்கொண்டே ஓடிப்போய், வருஷக்கணக்காகத் துருப்பிடித்துக் கிடந்த ஜன்னலைக் குத்திக் குத்தித் திறந்தாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் தையல்காரர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தெருவில் ஒரு சத்தம் இல்லை. ஃபேன் இல்லை, மிக்ஸி இல்லை, யார் வீட்டிலும் டிவி இல்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. எண்ணெய் போடாத கதவை யாரோ மெல்ல இழுத்து இழுத்து விடுவது போல. கேக்கக்கா முதலில் ஜன்னல் கீலைத்தான் பார்த்தாள். கீலைக் கையால் பிடித்தும் சத்தம் நிற்கவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது.

"ஏங்க, நீங்களா அது?"

"நான்தான். வேற யாரு இருக்கா இங்க?"

"இன்னைக்குத்தான் இப்படியா?"

"எப்பவும் இப்படித்தான். அது ஓடறப்ப உனக்குக் கேக்காது. அது ஓடாதப்ப நான் மெஷின மிதிப்பேன்."

அந்த இழுப்பு மட்டும் போய்ப் போய் வந்தது. கேக்கக்கா தம்பி பக்கம் திரும்பினாள்.

"டேய், வண்டிய எடு. பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

"காலைல போலாம் விடு" என்றார் தையல்காரர். "இத்தனை நாள் இருந்ததுதானே."

"இத்தனை நாள் எனக்குக் கேக்கல. இப்பக் கேட்டுடுச்சு. எந்திரிங்க."